செடி வளர்க்கும் மீன் தொட்டிக்கு எந்த லைட் வாங்குவது? சேலம், ஏற்காடு பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ், அம்மாப்பேட்டை, மலை மேல் ஏற்காடு என்று எங்கிருந்து பேசினாலும், செடி வைத்த மீன் தொட்டி என்றால் பேச்சு லைட்டில்தான் வந்து நிற்கிறது. கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள், சந்தேகங்கள் மட்டும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட பேச்சிலேயே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். இது நன்னீர்த் தொட்டிக்கு மட்டும். பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்குக் கணக்கே வேறு.

அண்ணா, லைட்டு மீனுக்கா செடிக்கா?

செடிக்கு. மீனுக்குப் பகல் எது, இரவு எது என்று தெரிந்தால் போதும். அதற்கு அறை வெளிச்சமே தாராளம். செடி வெளிச்சத்தை வைத்துத்தான் தண்ணீரில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை உணவாக மாற்றுகிறது.

கீழே வரும் பாதிப் பதில்களுக்கு அடிப்படையான ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தைக் கூட்டினால் செடி வேகமாக வளரப் பார்க்கும். அப்போது கார்பனும், நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம், இரும்பு போன்ற சத்துகளும் அதற்கேற்பக் கூடுதலாக வேண்டும். அவை கிடைக்காவிட்டால் செடி திணறி நின்றுவிடும். பாசிக்கு அவ்வளவு சத்து தேவையில்லை, அது வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் கடைக்குப் போகும் முன் என்ன செடி வைக்கப் போகிறீர்கள், சத்தும் கார்பனும் எவ்வளவு கொடுக்க முடியும் என்று முடிவு செய்யுங்கள். லைட் அதற்கு அப்புறம்.

ரெண்டு அடி தொட்டிக்கு எத்தனை வாட் லைட்டுங்க வாங்கறது?

வாட் என்பது லைட் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்ற கணக்கு. எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று அது சொல்லாது. லிட்டருக்கு இத்தனை வாட் என்ற பழைய வாய்ப்பாடு டியூப் லைட் காலத்தில் வந்தது. அன்று எல்லாக் குழல் விளக்கும் ஏறக்குறைய ஒரே திறனில் இருந்ததால் அது சரியாக வந்தது. எல்இடியில் ஒரே 20 வாட்டுக்கு ஒரு கம்பெனி கொடுப்பதில் பாதியைத்தான் இன்னொன்று கொடுக்கும்.

லைட் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவுக்கு லூமன் என்று பெயர், டப்பா மேல் அது எவ்வளவு என்று பாருங்கள். தோராயமான கணக்கு இது: லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் என்றால் குறைந்த வெளிச்சம், 20 முதல் 40 வரை நடுத்தரம், 40க்கு மேல் அதிக வெளிச்சம். இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத் தொட்டி விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர். ஜல்லியும் மரக்கட்டையும் போக 50 லிட்டர் என்று வையுங்கள். எளிதான செடிகளுக்கு 500 முதல் 1000 லூமன் போதும். நல்ல எல்இடி வாட்டுக்கு 100 லூமன் அளவில் தருவதால் 10 வாட்டிலேயே வேலை முடிந்துவிடும். இதே தொட்டிக்கு 40 வாட் லைட்டை மாட்டிவிட்டுப் பாசியோடு போராடுபவர்கள் நிறையப் பேர்.

கெல்வின்னு ஒண்ணு போட்டிருக்கே, 6500 தான் வாங்கணுமா?

அது வெளிச்சத்தின் நிறம். 3000 மஞ்சளாக இருக்கும், 6500 பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளையாக இருக்கும், 10000 தாண்டினால் நீலம் அடிக்கும். 5000 முதல் 8000 வரை எதை வாங்கினாலும் செடிக்குக் குறையில்லை. மஞ்சள் வெளிச்சத்திலும் செடி வளரும், பார்க்கத்தான் தண்ணீர் அழுக்காகத் தெரியும். 6500 கண்ணுக்கு அழகு, கடையிலும் எளிதாகக் கிடைக்கும். அதனால் அதையே வாங்குங்கள்.

வீட்டுல மாட்டற எல்இடி டியூப் லைட்டையே போட்டா செடி வளராதா?

வளரும். அக்வேரியம் லைட் என்று பெயர் போட்டு விற்கும் மலிவான சிலவற்றை விட, நல்ல கம்பெனி எல்இடி டியூப் லைட் நம்பகமானது என்பது என் கருத்து. நான்கு அடி, 20 வாட் டியூப் சுமார் 2000 லூமன் தரும். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி ஏறக்குறைய 255 லிட்டர். ஒரு டியூப் போட்டால் லிட்டருக்கு 8 லூமன்கூட வராது. இரண்டு போட்டால் 16 வரை வரும், ஜாவா ஃபெர்னுக்கும் கிரிப்டோகோரைனுக்கும் அது போதும்.

பாதுகாப்பை மட்டும் விட்டுவிடக் கூடாது. வீட்டு டியூப் லைட் 230 வோல்ட்டில் நேராக ஓடுவது, ஈரத்துக்காகச் செய்ததும் இல்லை. கீழே கண்ணாடி மூடி இல்லாமல் தண்ணீருக்கு மேல் மாட்டவே கூடாது. ஒயர் ப்ளக்குக்குப் போகும் முன் ஓரிடத்தில் ப்ளக்கை விடத் தாழ்வாகத் தொங்கட்டும். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், ப்ளக் பாயின்ட்டுக்குள் போகாது. மின்கசிவு வந்ததும் கரண்ட்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இல்லை என்றால் தொட்டி வைக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுவிடுங்கள். தொட்டிக்குள் கை விடும்போதெல்லாம் மோட்டார், லைட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

எந்தச் செடிக்கு எவ்வளவு வெளிச்சம்னு ஒரு வரியில சொல்லுங்க

ஒரு வரியில் அடங்காது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்காட்டுத் தோட்டங்களில் காபிச் செடியை சில்வர் ஓக் மரங்களின் நிழலில் வளர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், புசெபலான்ட்ரா, கிரிப்டோகோரைன் எல்லாம் அந்த மாதிரி நிழல் செடிகள். மெதுவாக வளரும், அதிக வெளிச்சத்தில் இவற்றின் இலை மேல்தான் முதலில் பாசி ஏறும்.

வாலிஸ்னேரியா, ஹைக்ரோஃபிலா, லிம்னோஃபிலா, நீர்ப்பிரமி ஆகியவை நடுத்தரம். ஹைட்ரில்லா மிகக் குறைந்த வெளிச்சத்திலும் பிழைத்துக்கொள்ளும், அதனால்தான் கலங்கலான ஏரித் தண்ணீரிலும் அடர்ந்து கிடக்கிறது. செடி நன்றாகச் சிவக்க வேண்டிய ரோட்டாலா, லுட்விஜியா வகைகளும், தரையோடு பரவும் குளோசோஸ்டிக்மா, கியூபா போன்ற சின்னஞ்சிறு செடிகளும் அதிக வெளிச்சம் கேட்பவை. அவற்றுக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் வேண்டும்.

மூக்கனேரி, பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கம் செடி எடுத்துவந்து வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதோடு நத்தை முட்டையும், குஞ்சு மீனைப் பிடித்துத் தின்னும் தும்பிப் புழுவும் வரும். சில வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் தொட்டியில் நடுங்கள்.

என் தொட்டி ஒண்ணரை அடி உயரம், லூமன் கணக்கு அதுக்கும் ஒத்து வருமா?

முழுக்க ஒத்து வராது. லூமன் மனிதக் கண்ணுக்கான அளவு. தரையில் இருக்கும் செடிக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதற்கு பி.ஏ.ஆர். என்று ஒரு அளவு இருக்கிறது. செடி பயன்படுத்தக்கூடிய ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பது அது. தரை மட்டத்தில் 15 முதல் 30 வரை குறைவு, 30 முதல் 50 வரை நடுத்தரம், 80 தாண்டினால் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆழம் கூடும்போது வெளிச்சம் பக்கவாட்டில் சிதறிக் குறையும். மரக்கட்டையிலிருந்து சாயம் இறங்கித் தண்ணீர் டீ நிறமாக இருந்தால் இன்னும் குறையும். ஒன்றரை அடித் தொட்டிக்கு வெளிச்சம் அதிகம் விரியாத, லென்ஸ் வைத்த லைட் நல்லது. ஒரு அடித் தொட்டிக்கு லென்ஸ் இல்லாத, பரவலாக அடிக்கும் லைட் போதும். முதல் முறை வாங்குபவர்கள் உயரமான தொட்டியைத் தவிர்த்துவிட்டு அகலமான தொட்டியாகப் பாருங்கள், லைட் செலவே குறையும்.

பி.ஏ.ஆர். அளக்கற மீட்டர் ரொம்ப விலைங்க, போன்ல பார்க்க முடியாதா?

ஓரளவு முடியும். ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் காட்டும் செயலி போனில் இலவசமாகக் கிடைக்கிறது. காலித் தொட்டியில், செடி வரப்போகும் இடத்தில் போனை மல்லாக்க வைத்து அளவு எடுங்கள். வெள்ளை எல்இடி என்றால் லக்ஸை 65 அல்லது 70 ஆல் வகுத்தால் பி.ஏ.ஆர். தோராயமாக வரும். 2000 லக்ஸ் என்றால் ஏறக்குறைய 30. தண்ணீர் ஊற்றிய பிறகு இது கொஞ்சம் மாறும். சிவப்பு, நீலம் கலந்த லைட்டுகளுக்கு இந்த வகுத்தல் தப்பாகப் போகும்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரியணும்?

புதுத் தொட்டிக்கு 6 மணி நேரம். செடி வேர் பிடித்துப் புது இலை விட்ட பிறகு, வாரம் அரை மணி நேரமாகக் கூட்டி 8 வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். புதிதாக நட்ட கிரிப்டோகோரைன் முதல் சில வாரத்தில் இலையெல்லாம் கரைந்து போனால் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து நேரத்தைக் கூட்டாதீர்கள். அது இடம் மாறிய அதிர்ச்சி, வேர் உயிரோடு இருந்தால் திரும்ப முளைக்கும்.

நான் கடையை மூடிட்டு வீட்டுக்கு வர்றதே ராத்திரி எட்டு மணி. தொட்டி இருட்டா இருந்தா எப்படிங்க பார்க்கறது?

செடிக்குக் கடிகாரம் தெரியாது. மதியம் 3 மணிக்குப் போட்டு இரவு 10 அல்லது 11க்கு அணையும்படி டைமரில் வைத்துவிடுங்கள். தினமும் ஒரே நேரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். காலையிலும் பார்க்க ஆசையாக இருந்தால் காலை 3 மணி நேரம், மாலை 4 மணி நேரம் என்று பிரித்தும் எரிக்கலாம். சிலிண்டர் இல்லாத தொட்டியில் நடுவில் விடும் இடைவெளியில் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். ஆனால் இரவில் குறைந்தது 8 மணி நேரம் தொடர்ந்து இருட்டு இருக்கட்டும், மீனுக்குத் தூக்கம் வேண்டும்.

மாசம் ஒரு நாள் கரண்ட் கட் பண்ணறாங்களே, டைமர் குழம்பிப் போகுது

முள் வைத்துச் சுற்றும் மெக்கானிக்கல் டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும், வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிக்குக் கொடுத்தால் உங்கள் லைட் அன்றிலிருந்து 5 மணி நேரம் தள்ளி எரியும். நீங்கள் கவனிக்காவிட்டால் நள்ளிரவைத் தாண்டியும் எரிந்துகொண்டிருக்கும். உள்ளே சின்ன பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் வாங்குங்கள், அது நேரத்தை மறக்காது.

லைட்டை இன்வெர்ட்டரில் இணைக்கத் தேவையில்லை. ஒரு நாள் முழுக்க லைட் எரியாவிட்டால்கூடச் செடிக்கு ஒன்றும் ஆகாது. ஃபில்டரையும் காற்று மோட்டாரையும் இணையுங்கள், அவை நின்றால்தான் மீனுக்கு ஆபத்து.

ஜன்னல் ஓரமா வெச்சா வெயிலே போதுமே, எதுக்கு லைட்டு?

மேலே தரை மட்டத்துக்கு பி.ஏ.ஆர். 30, 50 என்று சொன்னேன். உச்சி வெயிலின் அளவு 2000 பக்கம் வரும். அந்த வேறுபாட்டிலேயே விடை இருக்கிறது. நேரடி வெயில் பட்டால் சில நாளில் தண்ணீர் பச்சையாகிவிடும், சேலத்து மேற்கு ஜன்னல் என்றால் தண்ணீர் சூடாகி மீனும் போய்விடும். கிழக்கு ஜன்னலில் காலை வெயில் அரை மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் பரவாயில்லை. வெயில் மாதத்துக்கு மாதம் கோணம் மாறும், ஜன்னல் திரையை இழுத்தாலொழிய நம் கட்டுப்பாட்டில் இருக்காது. லைட் இருந்தால் நாம் சொன்னபடி கேட்கும்.

ஏப்ரல், மே மாசத்துல தண்ணி வெதுவெதுன்னு ஆயிடுது, லைட்டால தானா?

பெரும்பங்கு சேலத்து வெயில்தான். வெளியே 40 டிகிரியைத் தொடும்போது அறைக்குள் இருக்கும் தண்ணீர் 31, 32க்குப் போய்விடும். லைட் அதன் மேல் கொஞ்சம் சேர்க்கும். பழைய மெட்டல் ஹாலைடு விளக்கும், டி5 என்ற மெல்லிய குழல் விளக்கும் நிறையச் சேர்க்கும். எல்இடியில் சூடு பெரும்பாலும் அதன் முதுகுப் பக்கம் உள்ள அலுமினியம் வழியே மேலே போய்விடும். மூடி மேல் ஒட்டி வைக்காமல் நான்கைந்து இன்ச் தூக்கி வைத்தால் இன்னும் நல்லது.

சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் குறைவாகத்தான் கரையும். அதே நேரம் சூட்டில் செடி, மீன் எல்லாவற்றின் தேவையும் கூடிவிடும். இந்த நிலையில் முழு வெளிச்சம் கொடுத்தால் முதல் கேள்வியில் சொன்ன சிக்கல்தான் வரும். கோடையில் டிம்மரைப் பாதியாகக் குறையுங்கள் அல்லது 6 மணி நேரத்துக்கு இறங்குங்கள். மதியச் சூட்டில் எரிக்காமல் மாலை 5 மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். தண்ணீர் மேல் சின்ன ஃபேன் ஒன்றைத் திருப்பி வைத்தால் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியாகும் அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

நாங்க ஏற்காட்டுல இருக்கோம், எங்களுக்கும் இதே கணக்கா?

லைட் கணக்கு அதேதான், மற்றது மாறும். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்களுக்குக் கோடைக் கவலை இல்லை. கீழே நாங்கள் ஃபேன் வைத்துப் படும் பாட்டுக்கு அங்கே தேவையே வராது. குளிர்ந்த தண்ணீரில் வாயுக்கள் நன்றாகக் கரைவதால், அதிக வெளிச்சத் தொட்டி வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஏற்காடு சேலத்தை விட நல்ல இடம் என்றே சொல்வேன்.

டிசம்பர், ஜனவரியில் கதை மாறும். ஹீட்டர் இல்லாமல் தண்ணீர் 20க்குக் கீழே போனால் வெப்ப நாட்டுச் செடிகள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். வளராத செடிக்கு அதே வெளிச்சத்தைக் கொடுத்தால் மிச்சம் பாசிக்குத்தான். 24, 25 டிகிரிக்கு ஹீட்டர் வையுங்கள், வைக்காவிட்டால் வெளிச்சத்தைக் குறையுங்கள். இன்னொன்று, பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வரும் ஊர் அது. திறந்த எல்இடி ஸ்ட்ரிப் அங்கே சீக்கிரம் துருவேறிப் போகும். ஐபி65 அல்லது அதற்கு மேல் போட்ட, ஈரம் புகாத லைட்டாக வாங்குங்கள்.

லைட்டு புதுசுதான், ஆனா ஒரு மாசத்துல வெளிச்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு. ஏமாத்திட்டாங்களா?

முதலில் கண்ணாடி மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அடிப்பக்கம், காற்றுக் குமிழி வெடித்துத் தெறிக்கும் இடத்தில், ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் ஒரு வெள்ளை வளையம் இருக்கும். வளையத்தின் மேல் வளையமாகச் சேர்ந்து, அந்த மூலை மட்டும் பால் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். விரலால் தேய்த்தால் சொரசொரவென்று இருக்கும், துணியால் துடைத்தால் போகாது. மேல்பக்கம் தூசி. இரண்டும் சேர்ந்து வெளிச்சத்தில் நல்ல பங்கைத் தின்றுவிடும்.

மாக்னசைட் வெட்டி எடுக்கும் பூமி இது, போர் தண்ணீர் பல பகுதிகளில் கடினம். மேட்டூர் காவிரித் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. மூடியை வெளியே எடுத்து வினிகரோ எலுமிச்சைச் சாறோ தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்தால் போய்விடும். நன்றாக அலசிவிட்டுத் திரும்ப வையுங்கள். வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றும்போது ஈரத் துணியால் துடைத்துவிட்டால் அந்த அளவுக்குப் போகவே போகாது.

ஃப்ளட் லைட் மாட்டினா மலிவுல முடிஞ்சிடும்னு சொல்றாங்களே?

உண்மைதான், நிறையப் பேர் அப்படிச் செய்து நன்றாகவே வளர்க்கிறார்கள். மழைக்குத் தாங்கும்படி செய்தது என்பதால் ஈரத்துக்கும் பயமில்லை. குறை என்னவென்றால் வெளிச்சம் ஒரே இடத்தில் குவியும், கண் கூசும். 50 வாட் ஃப்ளட் லைட் 5000 லூமன் பக்கம் தரும். மேலே போட்ட கணக்கில் இரண்டு அடித் தொட்டிக்கு அது லிட்டருக்கு 100. இரண்டு அடித் தொட்டிக்கு 10 வாட் ஒன்றோ இரண்டோ போதும், தண்ணீரிலிருந்து ஒரு அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். பெரும்பாலான ஃப்ளட் லைட்டுகளுக்கு டிம்மர் வேலை செய்யாது, உயரத்தை மாற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும்.

ஆர்ஜிபி லைட் போட்டா சிவப்புச் செடி நல்லா சிவக்குமாமே?

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக இருக்கும் லைட்டில் செடியின் சிவப்பு நம் கண்ணுக்கு அழுத்தமாகத் தெரியும். மீனின் நிறமும் அப்படியே. அது பார்வைக்கு. செடி உண்மையிலேயே சிவப்பது அதிக வெளிச்சத்தாலும், சில வகைகளில் நைட்ரேட் குறைவதாலும், அந்தச் செடியின் இயல்பாலும்.

பச்சை வெளிச்சத்தைச் செடி பயன்படுத்தாது என்று ஒரு பேச்சு உண்டு, அது சரியில்லை. பச்சையமானது நீலத்தையும் சிவப்பையும் அதிகம் உறிஞ்சும், ஆனால் பச்சையிலும் கணிசமான பங்கு ஒளிச்சேர்க்கைக்குப் போகிறது. ஊதா நிறத்தில் எரியும் செடி வளர்ப்பு பல்பை வாங்கித் தொட்டி மேல் தொங்கவிட வேண்டாம். செடி வளரும், ஆனால் தொட்டியைப் பார்க்கவே பிடிக்காது. காசு இருந்தால் வெள்ளையும் சேர்ந்த டபிள்யூஆர்ஜிபி வாங்குங்கள். இல்லாவிட்டால் நல்ல வெள்ளை லைட்டே போதும்.

கரண்ட் பில் எகிறிடுமா?

20 வாட் லைட் தினம் 8 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 160 வாட் மணி. மாதத்துக்கு 5 யூனிட்கூட இல்லை. இரண்டு மாத ஈபி கணக்கில் 10 யூனிட்டுக்குள்தான் வரும். 24 மணி நேரமும் ஓடும் ஃபில்டர் இதை விட அதிகம் எடுக்கலாம்.

பழைய டி5 செட் சும்மா கிடக்கு, போடலாமா?

போடலாம். பளபளப்பான ரிஃப்ளெக்டர் இருந்தால் இன்றைக்கும் அதன் வெளிச்சப் பரவல் அருமைதான். குழல் எரிந்துகொண்டிருந்தாலும் வருடம் ஒரு முறை மாற்ற வேண்டும், வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். மாற்றுக் குழல் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு மாட்டுங்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது, உடையாமல் கழற்றுங்கள்.

பாசி வந்துடுச்சு. லைட்டை உடனே குறைச்சுடலாமா?

எந்தப் பாசி என்று முதலில் பாருங்கள். புதுத் தொட்டியில் கண்ணாடி, இலை, மணல் எல்லாவற்றிலும் பழுப்பு மாவு மாதிரி படிந்து, விரலால் தொட்டதும் துடைத்துக்கொண்டு வந்தால் அது டயட்டம். லைட்டைத் தொடாதீர்கள், சில வாரத்தில் தானாகப் போகும். கண்ணாடியிலும் அனுபியாஸின் பழைய இலையிலும் பச்சைப் புள்ளியாக, நகத்தால் சுரண்டினாலும் வராமல் ஒட்டியிருந்தால் பச்சைப் புள்ளிப் பாசி. அது வெளிச்சம் அதிகம், பாஸ்பேட் குறைவு என்பதற்கு அடையாளம். லைட்டையும் குறையுங்கள், சத்தையும் கவனியுங்கள்.

இலை நுனியில் பச்சை நூலாக நீண்டு ஆடினால் வெளிச்சம் செடியின் வேகத்தை மீறிவிட்டது. கையால் சுற்றி எடுத்துவிட்டு டிம்மரில் கால் பங்கு குறையுங்கள். இலை ஓரத்தில், மரக்கட்டையில், ஃபில்டர் வாயில் கருஞ்சாம்பல் தாடி மாதிரி முளைத்தால் அது கறுப்புத் தாடிப் பாசி. கார்பன் டை ஆக்சைடு கூடிக் குறைந்துகொண்டிருப்பதாலும், தொட்டியில் அழுக்கு தேங்குவதாலும் வருவது அது. லைட்டை மட்டும் குறைத்துப் பார்த்து ஏமாந்து போகாதீர்கள்.

எதைக் குறைத்தாலும் குறைத்த பின் இரண்டு வாரம் பொறுங்கள். திங்கட்கிழமை குறைத்து வியாழக்கிழமை கூட்டினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

மூணு நாள் போர்வை போட்டு மூடி வெச்சா பாசி செத்துடும்னாங்க, நிஜமா?

பச்சைத் தண்ணீருக்கு இது கேட்கும். முழு இருட்டு, காற்று மோட்டார் நிற்காமல் ஓடட்டும், சிலிண்டர் இருந்தால் மூடிவிடுங்கள். முடிந்ததும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், செத்த பாசி அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடும். மேலே சொன்ன தாடிப் பாசிக்கு இது கேட்காது. வெளிச்சமும் சத்தும் பழையபடியே இருந்தால் எந்தப் பாசியும் திரும்பி வரும்.

சிலிண்டர் இல்லாம கார்பெட் மாதிரி புல் வளர்க்க முடியாதா?

படத்தில் பார்க்கும் பச்சைத் தரை, ஜப்பானின் தகாஷி அமானோ உலகெங்கும் பரப்பிய பாணி. அந்தத் தொட்டிகளில் வலுவான விளக்கும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தே இருக்கும். சும்மா இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம்தான் கார்பன் டை ஆக்சைடு இருக்கும், சிலிண்டர் வைத்த தொட்டியில் 30 வரை வைப்பார்கள். இந்த இடைவெளியை லைட்டால் நிரப்ப முடியாது. சிலிண்டர் இல்லாமல் தரை பச்சையாக வேண்டும் என்றால் குட்டை கிரிப்டோகோரைன் பர்வாவை நெருக்கி நட்டுவிட்டு, நடுத்தர வெளிச்சத்தில் பல மாதம் காத்திருங்கள்.

நல்ல லைட்டுதான், உரமும் போடறேன், இருந்தும் ரோட்டாலா வளரல. வாலிஸ்னேரியா மட்டும் காடு மாதிரி வளருது. ஏன்?

உங்கள் தண்ணீர்தான் காரணமாக இருக்கும். கடினமான போர் தண்ணீரில் கார்பனில் பெரும்பகுதி பைகார்பனேட்டாக இருக்கிறது. வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்றவை அந்த பைகார்பனேட்டையே எடுத்துக்கொள்ளும். எல்லாச் செடிக்கும் அந்தத் திறன் கிடையாது, ரோட்டாலாவுக்குக் கரைந்த கார்பன் டை ஆக்சைடே வேண்டும். இங்கே லைட்டைக் கூட்டினால் வாலிஸ்னேரியா இன்னும் அடர்ந்து ரோட்டாலாவுக்கு நிழல் கட்டும். ஆர்ஓ தண்ணீர் பாதி கலந்து, சிலிண்டர் வைத்துப் பாருங்கள். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் நம் தண்ணீருக்கு வாலிஸ்னேரியாவே ராசி, அதையே அழகாக வளர்க்கலாம்.

ராத்திரி நீல லைட்டு எரிஞ்சா மீனுக்கு நல்லதா?

நல்லது எதுவும் இல்லை. விருந்தாளி வந்தால் அரை மணி நேரம் போட்டுக் காட்டுங்கள், அப்புறம் அணைத்துவிடுங்கள். இரவெல்லாம் எரிந்தால் மீன் தூக்கம் கெடும், பாசிக்கும் இடம் கொடுக்கும்.

லைட்டு போட்டதும் மீனெல்லாம் சுவத்துல முட்டிக்குது

கும்மிருட்டிலிருந்து திடீரென்று வெளிச்சம் வந்தால் அப்படித்தான், சில மீன் வெளியே குதித்தும் விடும். அறை லைட்டைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்துத் தொட்டி லைட் எரியும்படி வையுங்கள். மெல்ல மெல்லக் கூடும் வசதி உள்ள லைட் என்றால் இன்னும் நல்லது. ஃபைட்டர் மீனுக்கு எப்போதுமே மங்கல் வெளிச்சம்தான் பிடிக்கும். மேலே மிதக்கும் செடி கொஞ்சம் விட்டுவைத்தால் அது நிம்மதியாக இருக்கும்.

லைட்டு பவர் கம்மி, ஆனா 12 மணி நேரம் எரிச்சா சரியாப் போயிடும் இல்லையா?

போகாது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. அதற்குக் குறைவான வெளிச்சத்தில் அது செய்யும் உணவு அதன் சொந்தச் செலவுக்கே பற்றாது. அந்த வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் செடி மெலிந்துகொண்டுதான் போகும். தண்டில் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, கீழ் இலைகள் உதிர்ந்து, நுனி மட்டும் பச்சையாக மேலே ஓடினால் இந்த நிலை என்று அர்த்தம். அப்போது லைட்டைத் தாழ்த்துங்கள் அல்லது இன்னொன்று சேருங்கள்.

மறுபக்கம், லைட் அதிக வலுவாக இருந்தால் நேரத்தை 4 மணியாகக் குறைத்துச் சமாளிப்பதை விட, வலுவைக் குறைத்து 7 மணி நேரம் எரிப்பது மேல். டிம்மர் இருந்தால் 50 சதவீதத்தில் தொடங்குங்கள். இல்லாவிட்டால் லைட்டை நான்கு இன்ச் தூக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் மூடி மேல் மெல்லிய கொசுவலைத் துணி ஒரு மடிப்பு போட்டாலும் வெளிச்சம் நன்றாகவே குறையும். லைட்டில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுபியாஸும் வேணும், சிவப்பு ரோட்டாலாவும் வேணும். ஒரே தொட்டியில ஒரே லைட்டுல நடக்குமா?

நடக்கும், எந்தச் செடி எங்கே என்பதுதான் விஷயம். லைட்டின் நேர் கீழே நடுவில் வெளிச்சம் அதிகம், இரு ஓரத்திலும் குறைவு. நடுவில் பின்பக்கம் ரோட்டாலாவை நடுங்கள். அனுபியாஸைக் கட்டையின் அடிப்பக்கத்தில், நிழல் விழும் இடத்தில் கட்டிவையுங்கள். ரோட்டாலா வளர்ந்து மேலே படர்ந்ததும் அதன் நிழலே அனுபியாஸுக்குக் கிடைக்கும். அப்போது ரோட்டாலாவை வெட்டிய கையோடு ஒரு வாரம் லைட்டைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். நிழலில் பழகிய அனுபியாஸ் இலை மேல் திடீரென்று முழு வெளிச்சம் விழுந்தால் பச்சைப் புள்ளி அங்கேதான் முதலில் வரும்.